ஊர் பார்க்க வேலைக்குப் போன மகனுக்கு

என் அன்பு மகனுக்கு,

நீ கம்பனி அலுவலாகக் கொழும்புக்கு வெளிக்கிட்டுப் போய் இன்றோடு மூன்று நாளாகிறது. உன்னுடைய மேசையில், உன்னுடைய சுழலும் கதிரையில் இருந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். இந்தக் கதிரை எனக்குச் சரிவராது. கொஞ்சம் சாய்ந்தால் ஆளையே பின்னால் கவிழ்க்கப் பார்க்கிறது. காலை பத்து மணி. அம்மா குசினியில் முருங்கைக்காய் வெட்டுகிறார். நான் உண்மையாகவே எழுதுகிறேனா அல்லது சும்மா ஆடிக்கொண்டு இருக்கிறேனா என்று இரண்டு தரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். போனில் சொல்லலாமே என்று நீ கேட்பாய். போனில் நானும் நீயும் கதைத்தால் சாப்பிட்டியா, ஓம், அங்கே மழையா, இல்லை என்பதோடு கதை முடிந்துவிடும். பிறகு அம்மாவிடம் கொடுக்கிறேன் என்று சொல்லி நான் தப்பிவிடுவேன். நீ பிறந்த காலத்திலிருந்து உன்னிடம் பேசவேண்டிய பெரிய விசயம் எல்லாவற்றையும் நான் அம்மாவிடம் கொடுத்தே தப்பியிருக்கிறேன். இந்த முறை அம்மா விடமாட்டேன் என்கிறார். அதனால் எழுதுகிறேன். முடிந்ததும் ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவேன். அது எனக்குச் செய்யத் தெரியும், சிரிக்காதே.

நீ போன அன்று விடிய, சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் அந்தக் கதையைச் சொன்னாய். உன் கொழும்புக் கம்பனி யாழ்ப்பாணத்தில் புதிதாக ஒரு ஒபீஸ் திறக்கப் போகிறது. விருப்பமானவர்கள் அங்கே நாளும் போய் வேலை செய்யலாம், மற்றவர்கள் இப்போது போலவே வீட்டிலிருந்து செய்யலாம். நீ ஒபீசுக்குப் பெயர் கொடுத்துவிட்டாய். கலியாணத்துக்குப் பிறகு கிளிநொச்சியில் ஒரு வீடு வாடகைக்கு எடுக்கப் போகிறாய், ஏனென்றால் உனக்குப் பேசி வைத்திருக்கிற பிள்ளை அங்கேதான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். அங்கிருந்து விடிய வெளிக்கிட்டு, ஆனையிறவு தாண்டி யாழ்ப்பாணம் போய், இருட்டத் திரும்பி வரப் போகிறாய். அவ்வளவு தூரம் நாளும் என்னத்துக்கு என்று நான் கேட்டேன். நீ சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: "நீங்கள் பொம்பிளை வீட்டுக்காரருக்குச் சொன்னது பொய்யாப் போகக்கூடாது அப்பா. அதுதான் ஓம் எண்டு குடுத்திட்டன்." வெள்ளிக்கிழமை வரைக்கும் மாற்றலாம், ஆனால் மாற்றமாட்டேன் என்றும் சொன்னாய். பஸ் வந்தது. நீ ஏறிவிட்டாய். எனக்காக ஒரு பிள்ளை தன் ஆயுளில் பாதியைத் தெருவில் போடத் தயாராகிவிட்டான், அதுவும் நான் சொன்ன ஒரு பொய்யை மெய்யாக்குவதற்காக. அதைக் கேட்டுப் பெருமைப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியவில்லை. வீட்டுப் படலைக்கு வருவதற்குள் வெட்கம்தான் என்று தெரிந்துவிட்டது.

அந்தப் பொய் எப்படி வந்தது என்பது உனக்குப் பாதிதான் தெரியும். மாங்குளப் பக்கத்திலிருந்து உனக்கு முதலில் வந்த கலியாணப் பேச்சுக்கால் ஏன் குழம்பியது என்று நீ கேட்டபோது, சாதகக் குறிப்புப் பொருந்தவில்லை என்று சொன்னேன். குறிப்பு நன்றாகத்தான் பொருந்தியது. அவர்கள் உன்னைப் பற்றி விசாரிக்க நம்முடைய சந்திக் கடைக்கு வந்திருக்கிறார்கள். கடைக்காரர் உன்னைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. நல்ல பெடியன், குடி வெறி இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறார். கடைசியில் ஒரு வசனம் சேர்த்துவிட்டார்: "ஆனா பாவம், வீட்டோடதான் நிக்கிறான். பகலில சாரத்தோட கண்டிருக்கிறன்." அவ்வளவுதான், அவர்கள் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்கள். தரகர் வந்து இதைச் சொன்னபோது எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கடைக்காரரை நாலு கேள்வி கேட்பதென்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். போய் நின்றால் என்ன கேட்பது? அவர் சொன்னதில் பொய் எது? நீ வீட்டில்தான் நிற்கிறாய், இடுப்பில் சாரத்தைக் கட்டிக்கொண்டுதான் நிற்கிறாய். ஒரு நெருப்புப்பெட்டி வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன்.

நம்முடைய பக்கத்தில் வேலை என்றால் வெளிக்கிடுவதுதான், தம்பி. விடிய ஏழு மணிக்குக் களுசானும் சேட்டும் போட்டு, தலை இழுத்து, சாப்பாட்டுப் பெட்டியோடு படலையைத் திறந்து போகிறவன் உத்தியோகத்தன். மண்வெட்டியோடு போகிறவன் கமக்காரன். படலைக்கு வெளியே போகாதவன் ஒன்றில் நோயாளி, இல்லாவிட்டால் சோம்பேறி. நீ ஒரு அறைக்குள் இருந்துகொண்டு கடல் தாண்டி இருக்கிறவர்களுக்கு வேலை செய்கிறாய் என்று நான் எத்தனை பேருக்கு விளங்கப்படுத்துவது? எனக்கே அது அரைவாசிதான் விளங்கியது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். நான் மூடப் பார்த்தேன். கிளிநொச்சியில் என்னோடு ஒன்றாக வேலை செய்த நண்பர் அச்சுக்கடை வைத்திருக்கிறார் அல்லவா, அவருடைய மேல்மாடியில் ஒரு மேசையும் மின்விசிறியும் ஒழுங்குபண்ணினேன். உன்னைக் கூப்பிட்டு, கலியாணம் பொருந்தும் வரைக்கும் நாளும் அங்கே போய் இருந்து உன் வேலையைச் செய் என்று சொன்னேன். அங்கே போயும் இதே கொம்பியூட்டரைத்தானே திறக்கப் போகிறேன் என்று நீ சிரித்தாய். ஊர் பார்க்கவேண்டும் என்று நான் சொன்னேன். உன் சிரிப்பு நின்றுவிட்டது. மறுபேச்சில்லாமல் அடுத்த திங்கட்கிழமை வெளிக்கிட்டாய். அன்று உன் சேட்டை நானே ஸ்திரிக்கைப்பெட்டியால் அழுத்திக் கொடுத்தேன். அம்மாவின் உடுப்பைக்கூட நான் ஒரு நாளும் அழுத்திக் கொடுத்ததில்லை.

கலியாணம் பொருந்தும் வரைக்கும், ஏறத்தாழ ஒரு வருடம் போனாய். துணுக்காயிலிருந்து மாங்குளம், அங்கிருந்து பெரிய வீதியால் கிளிநொச்சி, பின்னேரம் அதே வழி. மாரி காலத்தில் மழைக்கோட்டும் சேறுமாக வந்து நிற்பாய். கோடையில் கண் இரண்டும் சிவந்து போயிருக்கும். எட்டரை மணிக்கு உனக்குக் கொழும்போடு ஒரு கூட்டம் இருக்கும், வீட்டில் இருந்த காலத்தில் தேத்தண்ணியும் கையுமாக இருந்து பேசுவாய். அந்த ஒரு வருடமும் அந்தக் கூட்டத்தை நீ மாங்குளத்துக்கு அங்கால் ஒரு மரத்தின் கீழ் மோட்டார் சைக்கிளை நிறுத்திவைத்து, காதில் போனை மாட்டிக்கொண்டு பேசினாய் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கையில் உரஞ்சல் காயத்தோடு வந்த ஒரு நாள், ஒபீஸ் படியில் வழுக்கிவிட்டது என்று அம்மாவுக்குச் சொன்னாய். தெருவில் படுத்திருந்த மாட்டோடு மோதி விழுந்தாய் என்று அச்சுக்கடை நண்பர் எனக்குச் சொல்லிவிட்டார். நான் அதை அம்மாவுக்குச் சொல்லவில்லை, உன்னிடமும் கேட்கவில்லை. கேட்டால் நிறுத்தச் சொல்லவேண்டி வரும். அந்த நேரத்தில்தான் உடையார்கட்டுச் சம்பந்தம் வந்தது. பெடியன் எங்கே வேலை என்று பிள்ளையின் தகப்பன் கேட்டார். கிளிநொச்சியில், கொழும்புக் கம்பனியின் ஒபீசில், நாளும் போய் வருகிறான் என்று கூசாமல் சொன்னேன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணத்தைச் செய் என்கிற ஊரில் நான் ஒன்றுதானே சொன்னேன் என்று மனதுக்குள் ஒரு சமாதானம் வேறு. அந்த ஒன்றை நீ அந்தப் பிள்ளையிடமும் காப்பாற்றிக்கொண்டு வருகிறாய் என்று எனக்குத் தெரியும். போனில் "ஒபீசால வந்திட்டன்" என்று நீ அவளுக்குச் சொல்லும்போது உன் குரல் கொஞ்சம் இறங்கும்.

இதற்காக வீட்டிலிருந்து வேலை செய்வது சொர்க்கம் என்று நான் எழுத வரவில்லை. அதையும் இந்தக் கண்ணால் பார்த்தவன் நான். நீ வீட்டில் இருந்த காலத்தில் உன் வேலையை முதலில் மதிக்காதது சந்திக் கடைக்காரர் இல்லை, நான்தான். வீட்டிலதானே நிற்கிறாய் என்று சொல்லிச் சொல்லி உன்னை எத்தனை தரம் எழுப்பியிருப்பேன். எரிவாயுச் சிலிண்டர் மாற்ற நீ, மாமியைக் கிளினிக்குக்கு ஏற்ற நீ, வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதா என்று பார்க்க நீ. ஒரு நாள் நீ பெரிய ஆட்களோடு கூட்டத்தில் இருக்கும்போது, நான் மேலில் துண்டும் இல்லாமல், தோளில் மண்வெட்டியோடு உன் பின்னால் வந்து நின்று, "தம்பி, யூரியா பாக்கை எங்க வச்சனீ?" என்று வயலுக்குக் கேட்கிற மாதிரிக் கேட்டேன். அங்கே கொழும்பில் ஆரோ சிரித்தது எனக்கே கேட்டது. நீ கோபப்படவில்லை, கிணற்றடியில் என்று கையால் காட்டினாய். அன்று முதல் கதவைப் பூட்டத் தொடங்கினாய். ஒபீசில் வேலை செய்தவனுக்கு ஐந்து மணிக்கு மணி அடித்தால் வேலை முடிந்தது. உனக்கு மணி இல்லை. சாப்பாட்டுக் கோப்பை மேசைக்கு வரும், கண் திரையில் இருக்கும், கை வாய்க்குப் போகும், என்ன கறி என்று கேட்டால் தெரியாது. சில கிழமைகளில் நாலு நாள் சேர்ந்தாற்போல் படலையைத் தாண்டமாட்டாய். உன்னோடு படித்த பெடியள் மைதானத்துக்குக் கூப்பிட்டு அலுத்து, கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். தாடி வளர்ந்தது. கதை குறைந்தது. அதுவும் நீ கொடுத்த விலைதான். அப்போது நான் அதைக் காணவில்லை, உன்னுடைய சாரத்தை மட்டும்தான் கண்டேன்.

ஆனால் நீ அந்த அறைக்குள் இருந்ததால்தான் அம்மாவின் கை நடுங்குவது இந்த வீட்டில் ஒருவருக்குத் தெரியவந்தது. நான் அப்போது ஓய்வு பெற்று வீட்டில்தான், ஆனால் விடிய வயலுக்குப் போனால் மதியம்தான் வருவேன். பதினொரு மணிக்குத் தண்ணீர் குடிக்க நீ குசினிக்குப் போனபோது, அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். வேர்த்திருக்கிறது. நீ சீனி கரைத்துக் கொடுத்து, இருத்தி, மறுநாளே மல்லாவி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாய். நீரிழிவுக்குக் குளிசை போட்டுவிட்டு நேரத்துக்குச் சாப்பிடாமல் இருக்கிறா, அதுதான் இப்படி என்று டொக்டர் சொன்னதை நீ வந்து எனக்குச் சொன்னாய். எவ்வளவு காலமாக இப்படி என்று நான் அம்மாவைக் கேட்டேன். "காலமையில சாப்பிடுறதை நான் எப்பவோ விட்டிட்டன்," என்று ஏதோ பழைய சாமான் ஒன்றைத் தூக்கிப் போட்ட மாதிரிச் சொன்னார். எப்போது என்று கேட்டேன். சண்டை முடிந்து நாங்கள் திரும்பி வந்து காணி துப்புரவாக்கின காலத்திலிருந்து என்றார். வெயில் ஏற முதல் வெட்டவேண்டும், நடுவில் இருந்தால் உடம்பு எழும்பாது, அப்படியே பழகிவிட்டது என்றார். நான் அன்று சோறு முடிக்காமல் எழும்பிவிட்டேன். வயிறு சரியில்லை என்று நீங்கள் நினைத்தீர்கள். அது வயிறு இல்லை.

இப்போது சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். திரும்பி வந்த அந்த முதல் வருடங்கள் உனக்கு நினைவிருக்கும், நீ அப்போது பள்ளிக்கூடத்தில் சாதாரண தரம் படிக்கிற பெடியன். உன் அப்பப்பாவுக்கு வவுனிக்குளக் குடியேற்றத் திட்டத்தில் கிடைத்த காணி, ஆள் உயரத்துக்குப் பற்றை. வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும்தான். தகரக் கொட்டிலுக்குள் நாங்கள். நான் ஆறு மணிக்கு முதல் பஸ்ஸில் கிளிநொச்சி அரசாங்கக் கந்தோருக்கு வேலைக்குப் போவேன், இருட்டி ஏழு மணிக்கு வருவேன். பதின்மூன்று வருடம், ஓய்வு பெறும் வரைக்கும். அப்பா எங்களுக்காக எவ்வளவு தூரம் ஓடுகிறார் என்று நீ பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கினாய். அந்தக் கட்டுரை இன்னும் அலுமாரிக்குள் இருக்கிறது. தம்பி, மூன்றாவது வருடம் எனக்குத் துணுக்காய்க்கு இடமாற்றம் வந்தது. சைக்கிளில் பத்து நிமிடம். மேலதிகாரி கூப்பிட்டு, குடும்பக்காரன், கிட்டப் போய் இரு என்று கடிதத்தைக் கையில் தந்தார். நான் அதை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்று பின்னேரம் அம்மா கேட்டார், இடமாற்றம் பற்றி ஏதும் கதை உண்டா என்று. "இல்லையப்பா, இந்த முறையும் வரேல்லை," என்று சொன்னேன்.

ஏன் என்று நீ கேட்பாய். எனக்கும் அதைச் சரியாகச் சொல்ல இத்தனை வருடம் பிடித்தது. அந்தக் கொட்டிலைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க என்னால் முடியவில்லை. தகரத்தின் சூடு, வெட்ட வெட்ட முளைக்கிற பற்றை, இடிந்து கிடந்த கிணற்றுக்கட்டு, இல்லாமல் போன எல்லாம். கந்தோரில் கோப்புகள் அடுக்கில் இருந்தன. மின்விசிறி சுற்றியது. வருகிற சனம் என்னை ஐயா என்றது. ஒரு கடிதத்தை எழுதி முடித்தால் அது முடிந்தது. பஸ்ஸிலும் எனக்கு ஒரு உலகம் இருந்தது. இடது பக்கம் மூன்றாவது யன்னல் என்னுடையது. ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற ஒரு அக்கா, இரண்டு வாத்திமார், மின்சார சபைப் பெடியன் ஒருவன் என்று ஒரு கூட்டம், பகிடி விட்டுக்கொண்டே போவோம். யாராவது தயிர்ச்சட்டி கொண்டு வந்தால் மாங்குளத்தில் பங்கு பிரியும். அந்த ஒன்றரை மணித்தியாலமும் நான் யாருக்கும் கணவனும் இல்லை, தகப்பனும் இல்லை. வீட்டுக்கு வரும்போது இருட்டியிருக்கும், இருட்டில் பற்றை தெரியாது. எல்லோரும் என்னைப் பாவம் என்றார்கள், நானும் களைத்த முகத்தோடு அதை வாங்கிக்கொண்டேன். பயணத்துக்கு ஆகிற காசுக் கணக்கு உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், நான் சொல்ல வந்தது அது இல்லை. பயணத்தின் விலையைப் பயணம் போகிறவன்தான் கொடுக்கிறான் என்று எல்லோரும் நினைக்கிறோம். என்னுடைய பயணத்தின் விலையை உன் அம்மா வெறும் வயிற்றில், கத்தியும் மண்வெட்டியுமாக நின்று கொடுத்தார். அரை ஏக்கர் பற்றையை ஒரு பெண் தனியே வெட்டி முடித்தார். நான் பின்னேரம் வந்து, பரவாயில்லையே, கொஞ்சம் வெளித்திருக்கிறது என்று சொல்வேன்.

உன்னைப் பஸ் ஏற்றிவிட்டு வந்த அன்று, நேரே குசினிக்குப் போய் இதை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நீ சந்தியில் சொன்னதையும் சொன்னேன், துணுக்காய் இடமாற்றத்தையும் சொன்னேன். எப்படித் தொடங்கினேன் என்று ஞாபகமில்லை. தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர் நிறுத்தவில்லை. பாதி முடியும் வரைக்கும் துருவினார். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்: "அப்ப நான் தனிய நிண்டு வெட்டினது உங்கட விருப்பத்துக்கோ?" நான் ஓம் என்றேன். வேறு என்ன சொல்ல? தேத்தண்ணி வந்தது, சீனி இல்லாமல். நீரிழிவு அவருக்கு, எனக்கில்லை. பின்னேரம் கோழிகளை அடைத்துவிட்டு வந்து எனக்கு முன்னால் இருந்தார். நான் இன்னும் அழுகையை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். "இஞ்சேருங்கோ, நீங்கள் ஒளிச்சு ஓடின பஸ்ஸில இப்ப பிள்ளையையும் ஏத்தி விடுறியள். போய் அவையளிட்ட உள்ளதைச் சொல்லிப்போட்டு வாங்கோ. பிள்ளைக்கும் எழுதுங்கோ," என்றார். கலியாணம் குழம்பினால் என்று நான் இழுத்தேன். குழம்பினால் குழம்பட்டும், பொய்யில் ஏறிக் குடும்பம் நடத்தி ஒருத்தி களைத்தது போதும் என்றார். ஒருத்தி என்றது தன்னை என்று எனக்குக் கொஞ்சம் பிந்தித்தான் விளங்கியது.

நேற்றுக் காலை உடையார்கட்டுக்குப் போனேன். மாங்குளத்தில் பஸ் மாறி, ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்பு என்று போகிற அவ்வளவு தூரமும் சொல்லவேண்டியதை மனதுக்குள் எழுதி எழுதி அழித்தேன். முப்பது வருடம் கந்தோரில் கடிதம் எழுதியவன், ஒரு வசனம் கூடி வரவில்லை. பிள்ளையின் தகப்பன் முற்றத்தில் நிலக்கடலை காயப்போட்டுக்கொண்டிருந்தார். கலியாண அலுவலாக வந்திருக்கிறேன் என்று நினைத்து முகம் மலர்ந்து கதிரை போட்டார். நான் இருக்கவில்லை. நின்றபடியே சொல்லிவிட்டேன். கிளிநொச்சியில் கம்பனிக்கு ஒபீஸ் இல்லை, அது என்னுடைய நண்பரின் அச்சுக்கடை மேல்மாடி, மகன் உண்மையில் வீட்டிலிருந்து வேலை செய்கிறவன், வேலை மெய், ஒபீஸ் பொய், பொய் என்னுடையது. அந்தப் பொய்யை மெய்யாக்க அவன் இப்போது யாழ்ப்பாணத்துக்கு நாளும் ஓட ஓம் என்று கொடுத்திருக்கிறான், அதைத் தடுக்கத்தான் வந்தேன் என்றும் சொன்னேன். அவர் கடலையைக் கிளறுவதை நிறுத்தினார். நல்ல மனிதர், ஆனால் முகம் மாறிவிட்டது. பொய் சொல்லியா என் பிள்ளையைக் கேட்டீர்கள் என்றார். ஓம் என்றேன். இதைச் சொல்லச் சொல்லி மகனா அனுப்பினார் என்றார். அவனுக்குத் தெரியாது, தெரிந்தால் என்னைத் தடுத்திருப்பான் என்றேன். கையில் இருந்த கடலையைக் கொட்டினார். பிறகு, "அண்ணை, இதில நான் சொல்ல ஒண்டுமில்லை. என்ர பிள்ளை சொல்லுறதுதான்," என்று உள்ளே பார்த்தார்.

அவள் வாசலில்தான் நின்றிருக்கிறாள். பள்ளிக்கூட விடுமுறை என்று வீட்டுக்கு வந்திருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். கண் கொஞ்சம் கலங்கித்தான் இருந்தது, உன்மேல் அவளுக்கு மனவருத்தம் இருக்கிறது, அதை நீதான் தீர்க்கவேண்டும். நான் என் பாட்டில், தம்பி வீட்டில் இருந்தாலும் நல்லாக உழைக்கிறவன், இல்லை யாழ்ப்பாணம்தான் வேண்டுமென்றால் அதுவும் நல்ல இடம், நீங்கள் சொன்னால் அவன் எதையும் செய்வான் என்று அடுக்கிக்கொண்டே போனேன். அந்தப் பிள்ளை பொறுமையாக நான் முடிக்கும் வரைக்கும் நின்றாள். பிறகு மிகவும் மரியாதையாகக் கேட்டாள்: "மாமா, அவருக்கு எது விருப்பம்?"

தம்பி, எனக்குப் பதில் தெரியவில்லை. நான் உன் தகப்பன், ஒரே கூரையின் கீழ் இத்தனை வருடம் இருந்தவன், உன் சேட்டின் அளவும் சப்பாத்தின் அளவும் எனக்குத் தெரியும், உனக்கு எது விருப்பம் என்று தெரியவில்லை. ஊருக்கு எது வேண்டும் என்று தெரியும். அவர்களுக்கு எது வேண்டும் என்று கணித்து வைத்திருந்தேன். எனக்கு எது வேண்டும் என்று உனக்குச் சொல்லாமலே தெரிந்திருந்தது. உன்னை மட்டும் ஒரு நாளும் ஒருவரும் கேட்கவில்லை. அதைத்தான் அவளிடம் சொன்னேன். தெரியேல்லைப் பிள்ளை, நான் கேட்டதில்லை என்றேன். அவள் தகப்பனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "அப்ப அவரைக் கேட்டு எனக்குச் சொல்லச் சொல்லுங்கோ. அதுக்குப் பிறகு நான் அப்பாவுக்குச் சொல்லுறன்," என்றாள். தேத்தண்ணி தந்தாள், சீனி போட்டு. குடித்துவிட்டு வந்தேன்.

நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. வீட்டில் இரு, அம்மாவைப் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதக் கை வருகிறது. அதையும் எழுதமாட்டேன். அம்மா இப்போது விடிய எட்டு மணிக்கு என்னோடு இருந்து சாப்பிடுகிறார், அது என்னுடைய வேலை, உன்னுடையது இல்லை. பெடியளோடு கலகலப்பாக ஒரு ஒபீசில் இருக்க உனக்கு ஆசை என்றால், ஆனையிறவுக் காற்றை நாளும் குடித்துக்கொண்டு போய் வா, நான் ஒரு சொல் சொல்லமாட்டேன். உன் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு வேலை செய்வதுதான் உனக்கு நிம்மதி என்றால், சாரத்தோடு சந்திக் கடைக்கே போய் நில், நானும் பக்கத்தில் வந்து நிற்கிறேன். கிளிநொச்சியில் அவளோடு ஒரு வீட்டில் இருந்து, அவள் பள்ளிக்கூடம் விட்டு வருவதைப் பார்த்துக்கொண்டு வேலை செய்ய விருப்பமா, அதுவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது என்பதுதான் இந்தக் கடிதத்தில் நான் எழுதிய உண்மைகளில் பெரியது.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. முதலில் அவளுக்குப் போன் எடுத்துச் சொல்லு. அதற்குப் பிறகு எனக்கும் எடு. சாப்பிட்டியா என்று கேட்கமாட்டேன். அம்மாவிடமும் கொடுக்கமாட்டேன். உனக்கு எது விருப்பம், தம்பி? நான் கேட்டுக்கொண்டு இருக்கிறேன்.

உன் அப்பா